இரண்டு ஓ போட்ட அருளப்பன்

ரங்கூன்
29-12-41
சேசு மரி சூசை

தம்பி செல்லையாவுக்கு அண்ணன் ராசு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் ரோசரியும் சர்வேசுரன் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் சித்தி, உன் சம்சாரம் லூர்துராணி, நீ எல்லோரும் சுகந்தானா?

பேப்பரில் படித்திருப்பாய். செவ்வாய்க்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மில்லில் பாதிக் கூலிகள் ஓடிவிட்டார்கள். லாங்டன் துரை என்னை விட மாட்டேன் என்கிறார். பதினொரு வருஷமாக அவர் மேஜைக்கு வலப்பக்கம் நிற்கிறேன். நான் இல்லாவிட்டால் அவருக்குப் பேனா எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியாது.

ரிஜிஸ்தர் தபாலில் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். என் நற்சாட்சிப் பத்திரங்கள் நான்கு, எல்லாம் அசல். இங்கே வைத்திருந்தால் நெருப்புக்குத்தான் போகும். தாத்தா பெயரையே நம் இரண்டு பேருக்கும் வைத்தார்கள். என் அப்பா அமிர்தராஜ், உன் அப்பா அந்தோணி, இரண்டுக்கும் இனிஷியல் ஏ. விலாசம் எழுதும்போது எனக்கே நான் அனுப்புவது போல இருந்தது. ஆனால் உள்ளே இருக்கிற அருளப்பன் நான் என்பதை மறந்துவிடாதே. துரை என் பெயரை இங்கிலீஷில் இரண்டு ஓ போட்டு எழுதுவார். நானும் அப்படியே கையெழுத்துப் போடுகிறேன். ஞானஸ்நானப் புத்தகத்தில் சாமியார் எழுதிய ஒற்றை யூவை நீயே வைத்துக்கொண்டு உறையூர் சுருட்டுக் கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டு இரு.

கோபித்துக்கொள்ளாதே, விளையாட்டுக்கு எழுதினேன். கட்டு வந்ததும் உடனே பதில் போடு.

அண்ணன்
ராசு

*

மேலப்புதூர், திருச்சி
20-1-42
சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்குத் தம்பி செல்லையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மாவுக்கு மூட்டு வலி. மற்றவர்கள் சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் ஒரு குறையும் வராமல் பாலக்கரைக் கோயிலில் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

கட்டு நேற்று வந்தது. தபால்காரர் பிச்சைமுத்து வாசலில் நின்று, “அருளப்பன்னு ரங்கூன்லேர்ந்து வந்திருக்குங்க, அனுப்பினவரு பேரும் அருளப்பன்தான். நீங்களே ஒங்களுக்கு அனுப்பிக்கிட்டீங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நான்கு பத்திரங்களும் பத்திரமாக டிரங்குப் பெட்டியில், அப்பாவின் ஜெபமாலைக்குக் கீழே இருக்கின்றன.

பிரித்துப் பார்த்தேன், மன்னிக்கவும். லாங்டன் துரை எழுதியதில் ‘என் வலது கை’ என்று ஒரு வரி வருகிறது. அதை இரண்டு தடவை படித்தேன். அருளப்பன் என்ற பெயரை அப்படி ஒரு காகிதத்தில் நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

சீக்கிரம் புறப்பட்டு வாருங்கள்.

தம்பி
செல்லையா

*

கல்கத்தா
6-4-42
சேசு மரி சூசை

தம்பி செல்லையாவுக்கு ராசு எழுதுவது. நாங்கள் செத்துப்போனோம் என்று பூசை வைத்திருந்தால் சாமியாரிடம் சொல்லி நிறுத்து. மலைப்பாதையில் நடந்து, படகேறி, சிட்டகாங் வழியாக இங்கே வந்து சேர்ந்தோம். ரோசரிக்கு மலைக்காய்ச்சல். சாமியார்கள் நடத்தும் விடுதியில் ஒரு மூலை கொடுத்திருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து உன்னிடமிருந்து ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே எல்லோரும் சுகமா?

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஸ்டேட்ஸ்மன் பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். பெல்லமி கம்பெனி, திருச்சி கிளை. ஸ்ரீரங்கம் தீவில், திருவானைக்காவல் ரோட்டில் இருக்கிற அவர்களுடைய அரிசி மில்லுக்கு அசிஸ்டெண்ட் மேனேஜர் வேண்டுமாம். வெள்ளைக்காரப் பையன்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் இந்தியரும் மனுப் போடலாமாம். இரண்டு வருஷத்தில் கிளை மேனேஜராகலாம். செல்லையா, இது எனக்காகவே வெட்டித் தைத்த சட்டை. பர்மாவில் எத்தனை வேலை செய்தாலும் ஹெட் கிளார்க்குக்கு மேலே ஏற விடவில்லை. நாற்பது வயதில் ஒரு கதவு திறக்கிறது. இதை விட்டால் இனி திறக்காது.

நான் அனுப்பிய பத்திரங்களை உடனே ரிஜிஸ்தரில் அனுப்பு. அவை இல்லாமல் நான் வெறும் அகதி. வேலைக் கடிதம் கையில் இல்லாமல் திருச்சி ஜங்ஷனில் இறங்க மாட்டேன் என்று ரோசரியிடம் சொல்லிவிட்டேன்.

ராசு

*

மேலப்புதூர்
2-5-42
சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்குச் செல்லையா வணக்கம். நீங்கள் பிழைத்து வந்த செய்தி கேட்டு அம்மா அழுதுவிட்டாள். அண்ணியின் காய்ச்சல் குறைந்ததா? கொய்னா மாத்திரை கிடைக்கிறதா?

நீங்கள் எழுதியிருக்கும் பத்திரங்கள் எவை என்று தெரியவில்லை. ரங்கூனிலிருந்து கடைசியாக வந்தது சென்ற நவம்பரில் வந்த கார்டுதான். அதற்குப் பிறகு கட்டு எதுவும் வரவில்லை. எத்தனையோ கப்பல் முழுகிப் போனது. எத்தனையோ தபால் எரிந்து போனது. யாரைக் குறை சொல்வது?

வருத்தப்படாதீர்கள். அங்கேயே ஏதாவது கிளார்க்கு வேலை கிடைக்காமலா போகும்? நானும் சுருட்டுக் கம்பெனியை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். பதினாலு வருஷம் லேபிள் ஒட்டியாகிவிட்டது. நீங்கள்தான் விளையாட்டாக எழுதுவீர்களே.

செல்லையா

*

கல்கத்தா
20-5-42
சேசு மரி சூசை

செல்லையாவுக்கு,

ரோசரி எழுந்து உட்காருகிறாள். அவ்வளவுதான் சுகம்.

தபால் ஆபீசில் போய் விசாரித்தாயா, இல்லை வாசலில் நின்று ‘வரவில்லை’ என்று சொல்லிவிட்டாயா? உனக்கு எப்போதும் அரைக் காரியம்தான். சரி, போனது போகட்டும். காகிதம் இல்லாவிட்டால் வாய் இருக்கிறது. என் வாய் கல்கத்தாவில் கிடக்கிறது, உன் வாய் திருச்சியில் இருக்கிறது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பெல்லமி கம்பெனிக்குப் போ. உன் அண்ணன் மனுப் போடுகிறான் என்று சொல். துரைமார் கேட்கப் போவது மூன்றே மூன்று. இங்கே எழுதுகிறேன், மனப்பாடம் செய்துகொள்.

நெல் காய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பார்கள். பல்லில் வைத்துக் கடிக்க வேண்டும். ‘டிக்’ என்று ஒடிந்தால் அரைக்கலாம். நசுங்கினால் இன்னும் ஒரு நாள் களத்தில் கிடக்க வேண்டும். அரிசி உடைந்து குருணை ஏன் அதிகமாகிறது என்பார்கள். அரைக்கிற கல்லை இறுக்கி வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் நெல்லுக்கு ஊறல் போதவில்லை. கூலிகள் வேலையை நிறுத்தினால் என்ன செய்வாய் என்பார்கள். மேஸ்திரியைக் கூப்பிட மாட்டேன், பாய்லர்காரனை முதலில் கூப்பிடுவேன், மில்லை ஓட்டுகிற நெருப்பு அவன் கையில் என்று சொல். லாங்டன் துரையே இந்தப் பதிலைக் கேட்டு எழுந்து நின்றார்.

அது எனக்காகப் பேசுகிற வாய் என்பதை மறக்காதே. பதில் போடு.

ராசு

*

திருச்சி
30-6-42
சேசு மரி சூசை

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். எல்லோரும் சுகம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

நீங்கள் சொன்னபடியே பெல்லமி கம்பெனிக்குப் போனேன். நீங்கள் எழுதிய மூன்று கேள்விகளையும் அப்படியே கேட்டார்கள். ஆனால் இடம் நிரம்பிவிட்டது. ரங்கூனிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல நற்சாட்சிகள் வைத்திருந்தாராம்.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். இனி கண்டோன்மெண்ட் விலாசத்துக்கு எழுதவும். உறையின் பின்பக்கம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஏ. அருளப்பன்

*

கல்கத்தா
12-7-42
சேசு மரி சூசை

உன் கடிதம் கிடைத்தது. சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

நாற்பது வருஷத்தில் என்றைக்காவது நம் வீட்டுக் கடிதத்தில் நீ அருளப்பன் என்று கையெழுத்துப் போட்டதுண்டா? மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று என் அம்மாவும் உன் அம்மாவும் நமக்கு ராசு, செல்லையா என்று வைத்தார்கள். சர்வேசுரன் சாட்சியாகச் சொல், யாருக்குக் கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கை பழகிவிட்டது உனக்கு?

உறையின் பின்பக்கத்தையும் பார்த்தேன். கண்டோன்மெண்ட். பங்களா நம்பர். அதற்கு மேலே உன் பெயர், இங்கிலீஷில். இரண்டு ஓ போட்டு.

அந்த இரண்டு ஓவும் லாங்டன் துரையின் பேனாவிலிருந்து வந்தவை. நீ அவற்றைப் பார்த்திருக்கக்கூடியது அந்த நான்கு காகிதத்தில்தான். கட்டு வரவில்லை என்றாயே, அந்த எழுத்து மட்டும் கடலில் நீந்தி வந்து உன் உறையில் ஏறிக்கொண்டதா?

உன் வாயால் எனக்காகப் பேசு என்றேன். நீ என் பல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டாய். திருடன் என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. பதில் எழுது.

ராசு

*

கண்டோன்மெண்ட், திருச்சி
1-8-42
சேசு மரி சூசை

ராசு அண்ணனுக்கு,

ஒரு பெயரை எப்படி எழுதுவது என்பது எழுதுகிறவன் இஷ்டம். அந்தப் பெயர் எனக்கும் ஞானஸ்நானத்தில் வைத்ததுதான். நீ ஒன்றும் பட்டா போட்டு வாங்கவில்லை.

‘நீ’ என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடித்துத் திருத்தப் போவதில்லை.

முப்பத்துமூன்றாம் வருஷம் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? உங்கள் மில்லில் கணக்குப்பிள்ளை இடம் காலி என்று கேள்விப்பட்டு, ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். நீ போட்ட பதிலை இன்னும் வைத்திருக்கிறேன். ‘ஒரே ஆபீசில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் குழப்பம். துரை என்னைக் கூப்பிட்டால் நீ வந்து நிற்பாய். உனக்குத் திருச்சியே போதும்.’ அதைப் படித்த அன்றைக்கு அம்மாவிடம், ரங்கூனில் இடம் இல்லையாம் என்று சொன்னேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை.

பத்திரங்களைப் பற்றி நான் சொன்னதுதான். கட்டு எதுவும் வரவில்லை. வேண்டுமானால் கம்பெனிக்கு எழுதிப் பார். நீதான் அருளப்பன் என்று யார் சொல்வார்கள்?

அண்ணிக்கு உடம்பு தேறட்டும். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஏ. அருளப்பன்

*

கல்கத்தா
5-10-42
சேசு மரி சூசை

கலவரக்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்ததில் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தபால் ஓடவில்லை. நல்லதாகப் போயிற்று. அப்போது எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ரோசரிக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இந்த ஊர்க் குளிர் இன்னொன்று தாங்க மாட்டாள், பொங்கலுக்கு முன் தெற்கே கூட்டிப் போ என்கிறார் டாக்டர். நான் ரேஷன் ஆபீசில் நகல் எழுதுகிறேன்.

போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ரங்கூனுக்குப் போக முடியாத தபாலெல்லாம் இங்கே மூட்டை மூட்டையாகக் கிடந்ததாம். அகதிகள் பெயரைப் பதிந்தால் தேடிக் கொடுக்கிறார்கள். என் பெயருக்கு ஒன்றே ஒன்று இருந்தது. 20-1-42 தேதி. உன் கையெழுத்து. ‘கட்டு நேற்று வந்தது. நான்கு பத்திரங்களும் பத்திரமாக டிரங்குப் பெட்டியில், அப்பாவின் ஜெபமாலைக்குக் கீழே.’

ஜெபமாலைக்குக் கீழே! அதைத் தூக்கி நகர்த்திவிட்டுத்தானே எடுத்தாய்?

இன்னும் ஒன்று. எங்கள் மில் ஸ்டோர் கிளார்க் பரக்கத் அலி இங்கே இருக்கிறான். அவன் சொன்னான். லாங்டன் துரை கப்பலேறித் தப்பி மதராஸ் வந்துவிட்டாராம். பெல்லமி கம்பெனி அவரைத் தெற்கு ஜில்லாக்களுக்கெல்லாம் ஏஜெண்டாக எடுத்துக்கொண்டதாம். நவம்பரில் திருச்சி மில்லைப் பார்க்க வருகிறார்.

நான் கம்பெனிக்கு எழுதப் போவதில்லை. காகிதம் எதற்கு? பதினொரு வருஷம் தினமும் பத்து மணி நேரம் என் முகத்தைப் பார்த்தவர் வருகிறார். அவர் உன் ரூமுக்குள் நுழைந்து, “அருளப்பன் எங்கே?” என்று கேட்பார். அப்போது நீ என்ன சொல்கிறாய் என்று எனக்கு எழுது.

ராசு

*

கண்டோன்மெண்ட், திருச்சி
28-11-42
சேசு மரி சூசை

ராசு,

நாங்கள் சுகம். அண்ணிக்கு எப்படி இருக்கிறது?

லாங்டன் துரை புதன்கிழமை வந்தார். செவ்வாய்க்கிழமையே நான் ராஜிநாமாக் கடிதம் எழுதிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். காலையில் பாலக்கரைக் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாள் போட்டேன். பாவத்தைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது அப்படியே திருவானைக்காவலைத் தாண்டிச் சமயபுரம் பக்கம் போய்விடலாமா என்றிருந்தது.

மில் வாசலில் எல்லோரும் வரிசையாக நின்றோம். கார் வந்தது. உயரமான ஆள், இடது காது கொஞ்சம் மந்தம். மேனேஜர் என்னைக் காட்டி, “இவர்தான் ரங்கூன் அருளப்பன்” என்றார். துரை என் முகத்தை நேராகப் பார்த்தார். நான் பைக்குள் கையை விட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், ராசு. “அருளப்பன்! அந்த மலைப்பாதை உன்னை இளைக்க வைத்துவிட்டதே! உன் மனைவி பிழைத்தாளா?” என்றார். “பிழைத்தாள்” என்றேன். அது பொய்யில்லை. பிறகு எல்லோரையும் திரும்பிப் பார்த்து, “இவன் என் வலது கை. ஆயிரம் பேர் நடுவிலும் இவன் முகத்தை அடையாளம் காண்பேன்” என்றார்.

பிழைத்தேன் என்ற சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. உன் சார்பில்தான் வந்தது, நம்பினால் நம்பு. பதினொரு வருஷம்! அவர் பார்த்தது பேனாவை நீட்டிய கையை மட்டும்தான் போலிருக்கிறது.

இனி நீ எழுதினாலும் பயனில்லை. நீ சொல்வது நிஜமென்றால் அவர் தன் வலது கையைத் தனக்கே தெரியவில்லை என்று அத்தனை பேர் முன் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தத் துரை ஒப்புக்கொள்வார்?

ஜனவரி முதல் என்னைக் கிளை மேனேஜராக்கிவிட்டார். அசிஸ்டெண்டாக ஆறு மாதம்கூட ஆகவில்லை. இதில்தான் சிக்கல். பட்டாளத்துக்கு அரிசி போகிறது, குருணை அதிகம் என்று இரண்டு தடவை திருப்பிவிட்டார்கள். நீ சொன்னபடி நெல்லைக் கடித்துக் கடித்துப் பார்க்கிறேன். எனக்கு எல்லாம் ‘டிக்’ என்றுதான் கேட்கிறது. பல் வலிதான் மிச்சம்.

எனக்கு ஒரு ஹெட் கிளார்க் தேவை. நீ வரலாம். மில் காம்பவுண்டுக்குள்ளேயே வீடு உண்டு, காற்று நல்லது, அண்ணிக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் மனுவை வேறு பெயரில் போடு. ஒரே ஆபீசில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் குழப்பம். துரை என்னைக் கூப்பிட்டால் நீ வந்து நிற்பாய்.

ஏ. அருளப்பன்

*

கல்கத்தா
15-12-42

அனுப்புவது: ஏ. ராசு, ரேஷன் ஆபீஸ் நகல் குமாஸ்தா, கல்கத்தா.

பெறுவது: மேனேஜர் அவர்கள், பெல்லமி கம்பெனி, திருச்சி.

பொருள்: ஹெட் கிளார்க் வேலைக்கு மனு.

கனம் பொருந்திய ஐயா,

தங்கள் மில்லில் ஹெட் கிளார்க் இடம் காலியாக இருப்பதாகத் தாங்களே தெரிவித்ததன் பேரில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறேன்.

பெயர்: ராசு. வேறு பெயர் எனக்கு இல்லை. என் தாயார் என்னைக் கடைசிவரை இப்படித்தான் கூப்பிட்டார்.

முன் அனுபவம்: சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை. தாங்கள் ரங்கூனில் லாங்டன் துரை அவர்களின் வலப்பக்கம் நின்ற பதினொரு வருஷமும் நான் உறையூரில் சுருட்டுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். துரை அவர்களும் அதை மறுக்க மாட்டார்.

திறமை: நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் சொல்வேன். குருணையைப் பாதியாகக் குறைப்பேன். எப்படி என்று தாங்கள் கேட்டால் இந்தத் தடவை சொல்லிக் கொடுக்க மாட்டேன். தினமும் தாங்கள் என்னைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

குடும்பம்: மனைவி ஒருத்தி. நோயாளி. பொங்கலுக்கு முன் வந்து சேர அனுமதி வேண்டுகிறேன்.

துரை அவர்கள் வரும் நாட்களில் தங்கள் மேஜைக்கு வலப்பக்கம் நிற்பேன். தாங்கள் விழித்தால் பேனா எடுத்துக் கொடுப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

நற்சாட்சிப் பத்திரங்கள்: நான்கு. அசல்கள் தங்கள் வசம் உள்ளன. ஐந்தாவதாக ஒன்று, தங்கள் கைப்படவே எழுதி 20-1-42 தேதியிட்டது, என் வசம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் தபாலில் அனுப்புவதாக இல்லை.

தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்,
ஏ. ராசு